வெறுங்கை முழம் போடுமா? எரிபொருளில்லா விண்பயண முயற்சிகள்

ராக்கெட் தன்னிடமுள்ள பொருளின் ஒரு பகுதியைப் பின்னோக்கி வீசியெறிவதன் மூலமே முன்னோக்கி நகர்கிறது. ஊன்றித் தள்ளுவதற்குத் தரையோ நீரோ காற்றோ இல்லாத வெற்றிடத்திலும் அதனால் இயங்க முடிவது இதனால்தான். ஆனால், அப்படி வீசியெறிய வேண்டிய பொருள் முழுவதையும் புறப்படும்போதே கட்டிச் சுமந்தாக வேண்டும் என்பது அதன் தீராத தொல்லை. பேச்சு வழக்கில் இதை எரிபொருள் என்று சொன்னாலும், ஆற்றல் தருவது வேறு, வீசியெறியப்படுவது வேறு என்பதால் பொறியாளர்கள் பின்னதை உந்துபொருள் என்று பிரித்துச் சொல்வார்கள். விண்கலத்துக்கு வேண்டிய ஆற்றலைச் சூரிய மின்தகடுகளோ அணுமின்கலமோ ஆண்டுக்கணக்கில் வழங்க முடியும். உந்துபொருளை வழங்குவதற்கு வழியில் யாரும் இல்லை.

இந்தச் சுமை எத்தனை கொடியது என்பதை, ரஷ்யாவின் கலுகா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு காட்டுகிறது. வாயு எந்த வேகத்தில் வெளியேறுகிறதோ அதே வேகத்தைக் கலமும் அடைய வேண்டுமானால், கலத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.7 கிலோ உந்துபொருள் வேண்டும். அதைப்போல் இரு மடங்கு வேகத்துக்கு 6.4 கிலோவும், மும்மடங்கு வேகத்துக்கு 19 கிலோவும், ஐந்து மடங்கு வேகத்துக்கு 147 கிலோவும் தேவைப்படும். வேகம் கூட்டல் கணக்கில் ஏற, சுமை பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் மிகச் சிறந்த ராக்கெட்டிலேயே வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு 4.5 கிலோமீட்டர் அளவுதான். செனான் வாயுவை அயனிகளாக்கி, மின்புலத்தால் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் அயனி எந்திரங்கள் இந்தக் கணக்கைப் பெரிதும் தளர்த்திவிட்டன என்றாலும், அவற்றிலும் செனான் தீர்ந்தால் பயணம் தீர்ந்தது.

2018 அக்டோபர் கடைசியில், வெஸ்டா, சீரிஸ் என்னும் இரு சிறுகோள்களையும் சுற்றி ஆராய்ந்த டான் விண்கலமும், பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை ஆயிரக்கணக்கில் கண்டறிந்த கெப்ளர் தொலைநோக்கியும் ஓரிரு நாள் இடைவெளியில் ஓய்வு பெற்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கலத்தை உரிய திசையில் திருப்பி நிறுத்துவதற்கான ஹைட்ரசீன் என்னும் உந்துபொருள் வற்றிப்போயிற்று. மின்சாரம் இருந்தது, ஆண்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்ப வழியில்லை. எனவே, உந்துபொருளே வேண்டாத ஓர் உந்துமுறை கிடைக்காதா என்ற ஏக்கம் விண்வெளித் துறையில் ஏற்பட்டதில் வியப்பில்லை. அந்த ஏக்கம் உண்மையான கண்டுபிடிப்புகளையும் தந்திருக்கிறது, வெறும் கானல் நீரையும் தந்திருக்கிறது; இரண்டையும் பிரித்தறிவதற்கு இயற்பியலின் ஒரே ஒரு விதி போதுமானது.

நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவதை உந்தம் என்பர். புறவிசை எதுவும் தாக்காத ஓர் அமைப்பின் மொத்த உந்தம் மாறாது என்பது உந்த அழிவின்மை விதி. நடு ஆற்றில் துடுப்பில்லாமல் பரிசலில் உட்கார்ந்திருப்பவர் அதன் உள்விளிம்பை எத்தனை பலமாகத் தள்ளினாலும் பரிசல் கரை சேராது. அவர் கைக்கு நீர் எட்ட வேண்டும், அல்லது கரையிலிருந்து யாராவது கயிறு வீச வேண்டும். விண்கலமும் அப்படியே. ஒன்று, அது தன்னிடமிருந்து எதையாவது வீச வேண்டும். அல்லது வெளியே இருக்கும் ஏதேனும் ஒன்றிடமிருந்து உந்தத்தைப் பெற வேண்டும். உந்துபொருள் இல்லாமல் இயங்கலாம், எதிரே தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லாமல் இயங்க முடியாது. ஆகவே, புதிய உந்துமுறை எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, அது எதைத் தள்ளுகிறது என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமலேயே இருபது ஆண்டுகள் உலகின் கவனத்தை ஈர்த்து வைத்திருந்த கருவி எம்டிரைவ். பிரிட்டிஷ் பொறியாளர் ரோஜர் ஷாயர் 2001இல் இதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நுனி வெட்டப்பட்ட கூம்பு போல, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும் செப்புக் கலம் ஒன்று. அதன் எல்லாப் பக்கமும் மூடப்பட்டிருக்கும். உள்ளே, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது போன்ற நுண்ணலைகள் செலுத்தப்படும். அலைகள் சுவருக்குச் சுவர் எதிரொளித்து ஒத்ததிர்வு கொள்ளும்போது, அகன்ற முனையில் அவை தரும் அழுத்தம் குறுகிய முனையில் தருவதைவிட மிகுதி என்றும், அந்த வேறுபாடே கலத்தைத் தள்ளுகிறது என்றும் ஷாயர் விளக்கினார். சாய்ந்த பக்கச் சுவர்கள்மீதும் அதே அலைகள் அழுத்துகின்றன என்பதையும், அந்த அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் முனைகளின் வேறுபாடு துல்லியமாக நேர்செய்யப்பட்டுவிடுகிறது என்பதையும் இயற்பியலாளர்கள் உடனே சுட்டிக்காட்டினர். 2006இல் நியூ சயின்டிஸ்ட் இதழ் இக்கருவியை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டபோது, கருவியைவிட அந்த இதழே மிகுந்த கண்டனத்துக்கு ஆளாயிற்று.

எம்டிரைவ் உண்மையாயிருந்தால் என்ன நேரும் என்பதைப் பள்ளிக் கணக்காலேயே அறியலாம். சீனாவின் சியான் நகரிலுள்ள வடமேற்குப் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாங் ஜுவான் தலைமையிலான குழு, 2.5 கிலோவாட் மின்திறனில் 720 மில்லிநியூட்டன் விசை கிடைத்ததாக அறிவித்தது. மில்லிநியூட்டன் என்பது நியூட்டனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 720 மில்லிநியூட்டன் என்றால் பூமியில் ஏறத்தாழ 73 கிராம் பொருளின் எடைக்குச் சமம். ஒரு பொருளை விசை தள்ளும்போது அதற்குச் சேரும் இயக்க ஆற்றலின் வீதம், விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும். அப்படியானால், இந்தக் கருவி பூட்டிய கலம் நொடிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், உள்ளே செலுத்தும் 2.5 கிலோவாட்டைவிடக் கூடுதலான ஆற்றல் அதற்கு ஒவ்வொரு நொடியும் சேரத் தொடங்கும். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் வேகமோ நொடிக்கு 7.7 கிலோமீட்டர். அதாவது, எம்டிரைவ் வேலை செய்தால் அது உந்து எந்திரம் மட்டுமன்று. ஒன்றுமில்லாததிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் ஆகும். பல நூற்றாண்டுகளாகப் பலர் தேடித் தோற்ற நித்திய எந்திரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததுதான் இது என்று சொல்லிவிடலாம்.

இருந்தும், கோட்பாடு எதைச் சொன்னாலும் அளந்து பார்ப்பதே முறை என்ற நிலைப்பாடு தவறானதன்று. ஹூஸ்டனிலுள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில், ஈகிள்வொர்க்ஸ் என்ற சிறு ஆய்வகத்தை நடத்திய ஹரால்டு வைட்டும் அவருடைய குழுவினரும் அதைச் செய்தனர். மெல்லிய சுழல்தாங்கிகளின்மீது கிடைமட்டமாக அமைந்த தண்டின் ஒரு முனையில் கருவியைப் பூட்டி, அது எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு விசையைக் கணிக்கும் முறுக்கு ஊசலை வெற்றிடக் கலத்துக்குள் வைத்து, 40 முதல் 80 வாட் வரை திறன் செலுத்தி அவர்கள் அளந்தபோது, ஒரு கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் என்ற கணக்கில் விசை தென்பட்டது. 2016 நவம்பரில் இந்த ஆய்வறிக்கை பிற வல்லுநர்களின் மதிப்பீட்டுக்குப் பிறகு அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. நாசாவின் பெயரும் ஆய்விதழின் பெயரும் சேர்ந்துகொள்ள, செவ்வாய்க்குச் சில வாரங்களில் போய்விடலாம் என்ற செய்தித் தலைப்புகள் உலகெங்கும் பறந்தன. வல்லுநர் மதிப்பீடு என்பது, ஓர் அறிக்கை மற்றவர்கள் பரிசோதித்துப் பார்க்கத் தக்கது என்பதற்கான சான்றே ஒழிய, அது மெய் என்பதற்கான முத்திரை அன்று. செய்தி ஊடகங்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவது அரிது.

அந்தப் பரிசோதனையை ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் தாய்மார் குழுவினர் பொறுமையாகச் செய்தனர். 2018இல் அவர்கள் தெரிவித்த முடிவு சுவையானது. கருவியைத் திருப்பி வைத்தாலும், நுண்ணலை கலத்துக்குள் போகாதவாறு இடையிலேயே ஏறத்தாழ முழுமையாகத் தணித்துவிட்டாலும் விசை மாறாமல் தென்பட்டது. கலத்துக்குள் அலையே இல்லாதபோதும் தள்ளுகிறது என்றால் தள்ளுவது கலமன்று. மின்கம்பியில் பாயும் மின்னோட்டமும் பூமியின் காந்தப்புலமும் ஒன்றோடொன்று வினைபுரிவதே காரணமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். கணக்கும் அதற்கு இடமளிக்கிறது: பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 50 மைக்ரோடெஸ்லா, அதில் உறையிடப்படாத 4 சென்டிமீட்டர் கம்பியில் 2 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் 4 மைக்ரோநியூட்டன் விசை பிறக்கும். மைக்ரோநியூட்டன் என்பது நியூட்டனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தச் சோதனையில் அளக்கப்பட்ட விசையும் அந்த அளவினதே.

அதன்பின் அவர்கள் மின்கலத்தையும் கருவியோடு சேர்த்துப் பூட்டி வெளிக்கம்பிகளை நீக்கினர். காந்தக் கவசம் இட்டனர். 2021இல் வெளியான இறுதி அறிக்கையின்படி, எஞ்சியிருந்த தோற்றத்துக்கும் காரணம் வெப்பமே. செப்புக் கலம் சூடாகி விரிய, அதைத் தாங்கிய அமைப்பும் நெளிந்து, ஊசலின் சமநிலை நகர, விசைமானி அதையே உந்துவிசை என்று காட்டியிருக்கிறது. வெப்பம் கடத்தாத வகையில் கருவியைத் தொங்கவிட்டதும் விசை மறைந்தது. முந்தைய உரிமைகோரல்களைக் குறைந்தது ஆயிரம் மடங்கு நுட்பமாக மறுத்துவிட்டதாகத் தாய்மார் தெரிவித்தார். சியான் குழுவும் இதற்கு முன்பே, மின்கலத்தை உள்ளே வைத்து மீண்டும் அளந்து, தாங்கள் கண்டது மின்கம்பியின் விளைவே என்று தாமாகவே வெளியிட்டிருந்தது. தம் முடிவைத் தாமே திருத்தி அச்சிட்ட அந்தக் குழுவை ஊடகங்கள் கண்டுகொள்ளவில்லை.

இந்த வகைக் கனவுகள் அத்துடன் முடியவில்லை. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் மெக்கலக்கின் குவாண்டமாக்கிய நிலைமம் என்ற கோட்பாட்டைத் துணையாகக் கொண்டு ஐவிஓ என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய குவாண்டம் டிரைவ், பேரி-1 என்ற சிறு செயற்கைக்கோளில் ஏறி 2023 நவம்பரில் விண்ணுக்குப் போயிற்று. கருவியை இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே, மின்வழங்கல் கோளாறுகளால் 2024 பிப்ரவரியில் செயற்கைக்கோளின் தொடர்பு அறுந்தது. இயங்கவில்லை என்று இதைக் கொண்டு சொல்லவும் முடியாது, இயங்கியது என்று சொல்வதற்கு எந்தச் சான்றும் இல்லை.

வெப்பம் அளவையாளரை ஏமாற்றுவது இது முதல் முறை அன்று. ஒளிக்கும் அழுத்தம் உண்டு என்று ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1873இல் கணித்துச் சொன்ன அதே காலத்தில், லண்டனில் வில்லியம் குரூக்ஸ் ஒரு விந்தைக் கருவியைச் செய்தார். காற்று பெரும்பாலும் வெளியேற்றப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள், ஒரு பக்கம் கருமையும் மறுபக்கம் பளபளப்பும் பூசிய நான்கு தகடுகள் ஊசிமுனையில் சுழலும். வெயிலில் வைத்ததும் அவை தாமாகவே சுற்றத் தொடங்கும். ஒளியின் அழுத்தம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் அது சுற்றிய திசை தவறு. ஒளியைத் திருப்பியனுப்பும் பளபளப்பான பக்கமே ஒளியை விழுங்கும் கரும்பக்கத்தைவிட இரு மடங்கு தள்ளப்பட வேண்டும். அங்கேயோ கரும்பக்கம் பின்வாங்கிச் சுற்றியது. குமிழில் எஞ்சியிருந்த சிறிதளவு வாயு, சூடேறிய கரும்பக்கத்தருகே செய்த வேலை அது. இந்த வெப்ப விளைவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கி, மாஸ்கோவில் பியோத்தர் லெபெதெவ் 1900ஆம் ஆண்டையொட்டி ஒளியின் உண்மையான அழுத்தத்தை அளந்தார். அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் என்ற இருவரும் 1901 முதல் 1903 வரை அதை இன்னும் நுட்பமாக அளந்து உறுதிசெய்தனர். எம்டிரைவ் எந்தச் சோதனையில் தோற்றதோ அதே சோதனையில் ஒளியழுத்தம் தேறியது; விண்பாய் என்ற உந்துமுறை நிற்பது இந்த அளவையின்மீதுதான்.

வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்வதைக் கண்டு, சூரிய ஒளி அதைத் தள்ளுகிறது என்று யோகன்னஸ் கெப்ளர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருதினார். வானில் வீசும் அந்தக் காற்றுக்கேற்ற பாய்களுடன் மனிதர் கலம் செலுத்தும் காலம் வரும் என்று 1610இல் கலிலியோவுக்கு எழுதிய மடலிலும் குறிப்பிட்டார். 1924இல் பிரீட்ரிக் சாண்டர் என்ற சோவியத் பொறியாளர் மெல்லிய கண்ணாடித் தாள்போன்ற பாயைப் பற்றி எழுதினார். ஒளியைச் சுமந்து வரும் ஃபோட்டான் என்னும் துகளுக்கு நிறை இல்லை என்றாலும் உந்தம் உண்டு. அது பாயில் பட்டுத் திரும்பும்போது தன் உந்தத்தைப் போல இரு மடங்கைப் பாய்க்குக் கொடுக்கிறது. எதைத் தள்ளுகிறது என்ற கேள்விக்கு இங்கே விடை தெளிவு: சூரியன் அனுப்பும் ஒளியை. உந்துபொருள் இருக்கிறது, அதைக் கலம் சுமக்கவில்லை, அவ்வளவே.

விசையோ மிகச் சொற்பம். பூமியின் தொலைவில் ஒரு சதுரமீட்டர் பரப்பில் 1,361 வாட் சூரிய ஒளி விழுகிறது. அது முழுவதும் எதிரொளித்தாலும் கிடைப்பது 9 மைக்ரோநியூட்டன்தான். ஒரு நியூட்டன் விசைக்கு, அதாவது பூமியில் 100 கிராம் எடையைத் தாங்கும் அளவுக்கு, 1,10,000 சதுரமீட்டர் பாய் வேண்டும். அது 27 ஏக்கருக்குச் சற்றே மேல். எனவே விண்பாயின் கலை முழுவதும் அதை எத்தனை மெல்லியதாக, எத்தனை சிறிதாக மடித்து, எப்படிக் கிழியாமல் விரிப்பது என்பதிலேயே அடங்கியிருக்கிறது.

கோள்களுக்கு இடைப்பட்ட வெளியில் பாய்மரக் கலமாக முதன்முதலில் ஓடியது ஜப்பானின் இகாரோஸ். 2010 மே மாதம் தனேகஷிமா தளத்திலிருந்து வெள்ளிக் கோள் ஆய்வுக்கலமான அகாத்சுகியோடு சேர்த்து ஏவப்பட்ட இந்த 310 கிலோ கலத்தின் பாய், பக்கத்துக்கு 14 மீட்டர் உள்ள சதுரம். பாலிஇமைடு என்ற பிசினால் ஆன அதன் தடிமன் 7.5 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஏழரைப் பங்கு. பாயை விரித்துப் பிடிப்பதற்குக் கம்பமோ சட்டமோ கிடையாது. நான்கு மூலைகளிலும் அரை கிலோ எடைகள் கட்டப்பட்டிருந்தன. கலம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள, எடைகள் வெளிநோக்கி இழுக்க, பாய் அவிழ்ந்து விறைத்து நின்றது. கலத்திலிருந்து வெளியே எறியப்பட்ட ஒரு குட்டிக் கேமரா, விலகிச் செல்லும் வழியில் பாய் முழுவதையும் படமெடுத்து அனுப்பிவிட்டுத் தன் பணியை முடித்துக்கொண்டது.

கலத்தின் பாதையைத் தொடர்ந்து அளந்த ஜாக்சா என்னும் ஜப்பானிய விண்வெளி முகமை, பாயின்மீது 1.12 மில்லிநியூட்டன் விசை செயல்படுவதாக 2010 ஜூலையில் அறிவித்தது. இது ஒரு கிராமில் ஒன்பதில் ஒரு பங்கு எடைக்கு நிகர். 310 கிலோ கலத்தை இது நாளொன்றுக்கு நொடிக்கு 30 சென்டிமீட்டர் வீதம் வேகப்படுத்தும் அல்லது தளர்த்தும். ஆனால் நாள்கள் சேர்கின்றன. சூரியனை நெருங்க நெருங்க ஒளியும் உறைக்கிறது. ஆறு மாதத்தில் இகாரோஸின் வேகத்தில் நொடிக்கு 100 மீட்டர் மாற்றத்தை ஒளி ஏற்படுத்தியிருந்தது. டிசம்பர் 8ஆம் நாள் அது வெள்ளியை 80,800 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. பாயின் ஓரங்களில் திரவப் படிகப் பலகைகள் ஒட்டப்பட்டிருந்தன. மின்சாரம் கொடுத்தால் அவற்றின் எதிரொளிப்பு மாறும். ஒரு பக்கம் ஒளி கூடுதலாகத் தள்ள, மறுபக்கம் குறைவாகத் தள்ள, கலம் ஒரு துளி உந்துபொருளும் செலவிடாமல் மெல்லத் திரும்பும். டானையும் கெப்ளரையும் செயலிழக்கச் செய்த குறைக்கு இதைவிட நேரான மருந்து இருக்க முடியாது.

ஒளி சூரியனுக்கு எதிர்த்திசையில்தானே தள்ளும், வெள்ளியை நோக்கி உள்ளே போவது எப்படி என்ற ஐயம் எழலாம். சூரியனைச் சுற்றும் கலம் தன் சுற்றுவேகத்தாலேயே அதில் விழாமல் இருக்கிறது. பாயைச் சாய்த்துப் பிடித்தால், எதிரொளிக்கும் ஒளியின் விசையில் ஒரு பகுதி கலம் போகும் திசையிலோ அதற்கு எதிராகவோ அமையும். முன்னதானால் வேகம் கூடிப் பாதை அகலும், பின்னதானால் வேகம் தளர்ந்து பாதை சூரியனை நோக்கிச் சுருங்கும். ஆகவே இருபுறமும் போகலாம், அவசரமில்லாதவர்களுக்கு.

பூமியைச் சுற்றிவந்து இதையே காட்டியது, பிளானட்டரி சொசைட்டி என்ற அமெரிக்கச் சங்கம் பொதுமக்களின் நன்கொடையால் உருவாக்கிய லைட்செயில் 2. ஐந்து கிலோ எடை, 32 சதுரமீட்டர் பாய். 2019 ஜூலை 23இல், 720 கிலோமீட்டர் உயரத்தில் விரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சூரியனை விட்டு விலகும் பாதியில் பாயை ஒளிக்கு முகங்கொடுக்கவும், சூரியனை நோக்கி வரும் பாதியில் விளிம்பைக் காட்டவும் இரு முறை திருப்பியே அதன் சுற்றுப்பாதையின் உச்சத்தை இரு வாரத்தில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயர்த்த முடிந்தது. அந்த உயரத்திலும் எஞ்சியிருக்கும் மெல்லிய காற்றின் தடை நாளடைவில் ஒளியை வென்றுவிட, 2022 நவம்பரில் அது வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. அதே சங்கத்தின் முந்தைய முயற்சியான காஸ்மோஸ் 1, 2005இல் ராக்கெட் பழுதால் சுற்றுப்பாதையையே எட்டவில்லை. நாசாவின் 86 சதுரமீட்டர் பாயைச் சுமந்த சிறுகோள் ஆய்வுக்கலம் ஒன்று 2022இல் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1உடன் ஏவப்பட்டும் பேசவேயில்லை. 2024இல் ஏவப்பட்ட நாசாவின் மற்றொரு கலம், கரியிழைக் கலவையாலான புதுவகைக் கைகளைக் கொண்டு 80 சதுரமீட்டர் பாயை அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் விரித்தது; கைகளில் ஒன்று சற்றே வளைந்திருந்தது படங்களில் தெரிந்தது. இத்துறையில் தோல்விகள் பெரும்பாலும் விரிப்பதிலும் ஏவுவதிலும் நேர்கின்றன, இயற்பியலில் நேர்வதில்லை.

பாய் என்ற பெயரே இல்லாமல் ஒளியழுத்தத்தைப் பயன்படுத்திய கலங்களும் உண்டு. கெப்ளர் தொலைநோக்கியைத் திசை மாறாமல் பிடித்திருந்த நான்கு சுழல்சக்கரங்களில் இரண்டு 2013க்குள் பழுதாகிவிட, பணி முடிந்தது என்றே கருதப்பட்டது. இரு பக்கமும் சமமாகச் சரியும் கூரைபோன்ற சூரியத் தகடுகளின்மீது ஒளி ஏற்றத்தாழ்வின்றி விழும்படி கலத்தை நிறுத்தினால், எஞ்சிய இரு சக்கரங்களோடு ஒளியழுத்தமே மூன்றாவது சக்கரமாகச் செயல்படும் என்று பொறியாளர்கள் கண்டனர். அந்த உபாயத்தால் தொலைநோக்கி மேலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நூற்றுக்கணக்கான புதிய கோள்களைச் சேர்த்தது.

இந்தியச் செயற்கைக்கோள்களின் வரலாற்றிலும் விண்பாய்க்கு இடம் உண்டு. இன்சாட் வரிசையின் முதல் தலைமுறைகளில், வானிலைக் கருவியின் அகச்சிவப்பு உணரிகளைக் குளிர்விக்கும் பகுதி இருண்ட வெளியைத் தடையின்றிப் பார்க்க வேண்டியிருந்ததால், சூரியத் தகடுகளைத் தென்புறம் மட்டுமே பொருத்தினர். ஒருபுறத் தகட்டின்மீது ஒளி ஓயாமல் அழுத்தினால் செயற்கைக்கோள் மெல்லத் திரும்பிவிடும். அதை ஈடுகட்ட வடபுறம் ஒரு நீண்ட கம்பத்தின் நுனியில் சிறு பாய் ஒன்று பொருத்தப்பட்டது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏவுக்கு நேர்ந்த பல கோளாறுகளில் இந்தப் பாய் விரியாமற் போனதும் ஒன்று. திசையைக் காப்பதற்கான உந்துபொருள் தீர்ந்து, அவ்வாண்டு செப்டம்பரிலேயே அது கைவிடப்பட்டது. 1992இல் இஸ்ரோ தானே உருவாக்கி அனுப்பிய இன்சாட்-2ஏயிலும் இத்தகைய பாயும் கம்பமும் இருந்தன. அங்கே அவை உரியபடி பணியாற்றின.

ஒளியைத் தவிர வேறு துணைகளும் உண்டு. பூமியின் காந்தப்புலத்தினூடே நீண்ட கடத்துகம்பி ஒன்று சுற்றுப்பாதையில் பாய்ந்து செல்லும்போது அதில் மின்னழுத்தம் பிறக்கும்; மின்னோட்டம் ஓடவிட்டால் காந்தப்புலம் கம்பியைப் பின்னிழுத்துக் கலத்தைக் கீழே இறக்கும்; சூரியத் தகடுகளின் மின்சாரத்தைக் கொண்டு எதிர்த்திசையில் ஓட்டினால் மேலே உயர்த்தும். இங்கே தள்ளப்படுவது பூமியே. டிரெஸ்டனில் நான்கு சென்டிமீட்டர் கம்பி பொய்யாகக் காட்டிய அதே விசையைக் கிலோமீட்டர் கணக்கில் வேண்டுமென்றே வளர்ப்பதுதான் இம்முறை. 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து இத்தாலியச் செயற்கைக்கோள் ஒன்று 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கம்பியில் கட்டி வெளியே விடப்பட்டது. 19.7 கிலோமீட்டர் அவிழ்ந்த நிலையில், 3,500 வோல்ட் மின்னழுத்தம் எழுந்திருந்தபோது, காப்புறையில் இருந்த ஊறு வழியே மின்பொறி பாய்ந்து கம்பி அறுந்தது. செயற்கைக்கோள் கைவிட்டுப் போயிற்று. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே மின்னோட்டம் ஓடியது பதிவாகியிருந்தது. பழைய செயற்கைக்கோள்களையும் ராக்கெட் குப்பைகளையும் செலவின்றிக் கீழே இறக்க இதுவே ஏற்ற வழி என்று கருதுவோர் பலர். 2017இல் ஜப்பான் 700 மீட்டர் கம்பியுடன் முயன்றபோது அது அவிழவேயில்லை.

பின்லாந்தின் பேக்கா யான்ஹுனென் முன்வைத்த மின்பாய், சூரியனிலிருந்து நொடிக்கு 400 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வீசும் மின்னேற்றத் துகள்களான சூரியக் காற்றை, நேர்மின்னேற்றம் பெற்ற மெல்லிய நீள்கம்பிகளால் தடுத்து அதன் உந்தத்தைப் பெறுவது. சிறு செயற்கைக்கோள்களில் இதைச் சோதிக்க நடந்த முயற்சிகள் இன்னும் தொடக்க நிலையைத் தாண்டவில்லை. பூமியிலிருந்து 100 கிகாவாட் லேசர் ஒளியைப் பாய்ச்சிக் கிராம் எடைக் கலங்களை ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு விரட்டி 4.37 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரிக்கு அனுப்பலாம் என்று 2016இல் யூரி மில்னரும் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் அறிவித்த திட்டம், இயற்பியலுக்கு முரணானது அன்று. அத்தகைய லேசரைக் கட்டும் பொருளாதாரம்தான் கற்பனைக்கு எட்டவில்லை.

விண்மீன்களை விட்டுவிட்டு அருகில் பார்த்தால், விண்பாயைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத பணி ஒன்று காத்திருக்கிறது. சூரியப் புயல்கள் பூமியைத் தாக்குமுன் எச்சரிக்கும் கலங்கள், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியன், பூமி ஆகிய இரண்டின் ஈர்ப்பும் ஒத்துப்போகும் எல்1 புள்ளியைச் சுற்றி நிற்கின்றன. இந்தியாவின் ஆதித்யா எல்1 கலமும் 2024 ஜனவரி முதல் அங்கேதான் இருக்கிறது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்றை அங்கே கண்டறிந்தால் பூமிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சீற்றமான புயல் என்றால் அதிலும் குறைவு. சூரியனுக்கு இன்னும் அருகே நின்றால் அவகாசம் கூடும், ஆனால் அங்கே சூரியனின் ஈர்ப்பு மிஞ்சுவதால் கலத்தை நிறுத்த இடைவிடாத விசை வேண்டும். எந்த உந்துபொருளும் ஆண்டுக்கணக்கில் அதற்குத் தாளாது, ஒளியழுத்தம் தாளும். இதை நிரூபிப்பதற்காகவே ஏறத்தாழ 1,650 சதுரமீட்டர் பாயுடன் வடிவமைக்கப்பட்ட சோலார் குரூசர் திட்டத்தை 2020இல் தேர்ந்தெடுத்த நாசா, 2022இல் அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது. மின்கட்டமைப்பையும் செயற்கைக்கோள்களையும் நம்பி வாழும் நாடுகளுக்கு அந்தக் கூடுதல் அவகாசம் வீண் ஆடம்பரம் என்று கருதினால் அது பிழையான கணிப்பே. திட்டம் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.